பெரிய கிண்ணத்துக்குள் ஒரு கண்ணாடிப் பெட்டி: ரோம் பாடெல் மேஜர், ஒரு நிகழ்வு ஆய்வு

புதன்கிழமை மதியம் மூன்று மணி இருக்கும். ஒதுக்குப்புறமான ஒரு பாடெல் கோர்ட்டின் பக்கவாட்டில், கம்பி வலையிலிருந்து ஐந்தாறு எட்டு தள்ளிப் போட்டிருந்த அலுமினியப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். எதிர்ப்பக்கத்து ஆள் ஸ்மாஷ் அடிக்கக் கையை ஓங்கினான். மட்டை பந்தைத் தொடவே இல்லை, அதற்குள் இந்தப் பக்கத்து ஆள் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டிவிட்டு வெளியே ஓட ஆரம்பித்துவிட்டான். வலைக்கம்பத்துக்குப் பக்கத்தில் கதவில்லாத ஒரு வாசல் இருக்கும், அது வழியாக. அடித்த பந்து தரையில் ஒரு முறை குதித்து, மூன்று மீட்டர் உயரக் கம்பி வலையைத் தாண்டி வெளியே வந்தது. ஓடி வந்தவன் அதை இடுப்புக்குக் கீழே பிடித்து, வலைக்கு மேலாகத் திரும்ப உள்ளே அனுப்பிவிட்டான். ஓடிய வேகத்தை அடக்க முடியாமல் எங்கள் பலகையில் கையை ஊன்றித்தான் நின்றான். வியர்வை ஒரு சொட்டு என் முழங்காலில் விழுந்தது. 'ஸ்கூஸா' (மன்னிக்கணும்) என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே ஓடினான்.

அந்தப் புள்ளியை அவர்கள் தோற்றார்கள். அது வேறு விஷயம்.

பக்கத்தில் இருந்த தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னான்: "அண்ணே, அவன் அடிக்கதுக்கு முன்னாடியே இவன் கிளம்பிட்டான், பாத்தியளா?"

பார்த்தேன். ஆறு நாள் ரோமில் தங்கி, ஒரு மேஜர் போட்டியைப் பார்த்துவிட்டு வந்து எழுதும் இந்த ஆய்வில் நான் சொல்ல வருவதே அதைப் பற்றித்தான். இந்த ஆட்டத்தில் பார்க்க வேண்டியது அடிக்கு முந்தைய அந்த முதல் எட்டு. அதைப் பார்க்க எங்கே உட்கார வேண்டும், எங்கே உட்காரக் கூடாது என்பதுதான் மீதிக் கதை.

நாங்கள் இருவருமே துபாயில் வேலை பார்க்கிறவர்கள். அவன் பாளையங்கோட்டை, நான் தூத்துக்குடிப் பக்கம். அல் கூஸ் கிடங்குகளுக்குள் இருக்கும் பாடெல் கோர்ட்டுகளில் வாரத்துக்கு இரண்டு இரவு ஆடுவோம். ஊரில் கேட்டால் 'அது பிக்கிள்பால்தானே' என்பார்கள். இல்லை. பிக்கிள்பாலில் சுவர் கிடையாது. பாடெல் சுவரோடு சேர்ந்த ஆட்டம். 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், பின்பக்கம் 3 மீட்டர் கண்ணாடி, அதற்கு மேல் ஒரு மீட்டர் கம்பி வலை. போட்டிகளில் எப்போதும் இரண்டு பேருக்கு இரண்டு பேர். மட்டையில் நரம்பு இல்லை, ஓட்டை போட்ட கெட்டித் தகடு போல இருக்கும். சர்வீஸ் போடும்போது பந்தை இடுப்புக்கு மேலே வைத்து அடிக்கக் கூடாது. எண்ணிக்கை டென்னிஸ் மாதிரியே. தரையில் ஒரு முறை குதித்த பந்து கண்ணாடியில் பட்டுத் திரும்பினாலும் ஆட்டத்தில்தான் இருக்கிறது. அதனால் டென்னிஸில் செத்துப்போகும் பந்தெல்லாம் இங்கே உயிரோடு திரும்பி வரும்.

1969-இல் மெக்சிகோவின் அகபுல்கோவில் என்ரிகே கோர்குவேரா என்பவர் தன் வீட்டில் இடம் போதாமல் சுவர் எழுப்பி உருவாக்கியது இது. 1974-இல் ஸ்பெயினின் மார்பேயாவுக்கு வந்தது, அடுத்த ஆண்டே அர்ஜென்டினாவுக்குப் போனது. இன்றும் முன்னணி வீரர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டு நாட்டுக்காரர்கள்தான். பணம் வந்தது பிறகு. 2022-இல் கத்தார் முதலீட்டோடு பிரீமியர் பாடெல் தொடங்கியது. அதுவரை களத்தில் முன்னணியில் இருந்த வேர்ல்ட் பாடெல் டூரை அதே முதலீட்டாளர்கள் 2023-இல் வாங்கிவிட, 2024 முதல் ஒரே தொடர். அதில் உச்சம் மேஜர். தோகா, ரோம், பாரிஸ், அகபுல்கோ என்று நான்கு. வென்றால் தரவரிசைக்கு 2,000 புள்ளி.

ரோமை நான் தேர்ந்தெடுத்ததற்கு விளையாட்டு பாதிக் காரணம், ஊர் பாதிக் காரணம். 2025 ஜூன். அது கத்தோலிக்கர்களின் யூபிலி ஆண்டு, புதுப் போப்பாண்டவர் பதினான்காம் லியோ தேர்வாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அறை வாடகை கேட்டு எனக்கு மயக்கமே வந்தது. டெர்மினி ரயில் நிலையம் பக்கம் மூன்றாம் மாடியில், லிஃப்ட் இல்லாத ஓர் அறை கிடைத்தது. யாத்ரீகர்கள் கூட்டம் கூட்டமாகச் சிலுவையைத் தூக்கிக்கொண்டு ஒரு பக்கம் போவார்கள், நாங்கள் பாடெல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இன்னொரு பக்கம். சரி, அவரவர் கோயில் அவரவருக்கு.

இடம்

போட்டி நடப்பது ஃபோரோ இத்தாலிகோவில். தைபர் ஆற்றின் மேற்குக் கரை, பின்னால் மோன்தே மாரியோ குன்று. மே மாதம் இத்தாலிய ஓபன் டென்னிஸ் நடக்குமே, அதே வளாகம். டென்னிஸ் முடிந்த சில வாரத்தில் அதே இடத்தில் கண்ணாடிப் பெட்டிகளை இறக்கிவிடுகிறார்கள். இத்தாலிய டென்னிஸ் சம்மேளனம் தன் பெயரிலேயே பாடெலையும் சேர்த்துக்கொண்ட சம்மேளனம். கேலரி, சமையற்கூடம், கழிப்பறை, பத்திரிகையாளர் அறை என்று எல்லாம் தயாராகக் கிடக்கும்போது இரண்டாவது அறுவடை எடுப்பதில் தப்பில்லை. ஸ்பெயினை அடுத்து ஐரோப்பாவில் பாடெல் பைத்தியம் பிடித்த நாடு இத்தாலிதான். ரோமாபுரியின் கால்பந்துச் செல்லப்பிள்ளை தொத்தி முதல் மளிகைக் கடைக்காரர் வரை ஆடுகிறார்கள்.

முதல் தடவை போகிறவர்கள் ஒரு இடத்தில் ஏமாறுவார்கள். நானும் ஏமாந்தேன். வளாகத்துக்குள் இருக்கும் பியெத்ராஞ்செலி அரங்கைச் சுற்றி 18 பளிங்குச் சிலைகள் நிற்கின்றன, வாட்டசாட்டமான அம்மண வீரர்கள். பார்த்ததும் 'ஆகா, ஈராயிரம் வருஷத்து ரோமாபுரி' என்று தோன்றும். விளம்பரப் படங்களிலும் கிளாடியேட்டர் வாசனையைத் தாராளமாகத் தூவியிருப்பார்கள். உண்மையில் அவை 1930-களில் செதுக்கியவை. இந்த வளாகமே 1932-இல் முசோலினியின் பெயரால் திறந்தது. நுழைவாயில் பக்கம் ஏறத்தாழ 300 டன் கராரா பளிங்கில் ஒரே கல்லாக நிற்கும் தூணில் அவர் பெயர் இன்னும் அப்படியே இருக்கிறது. கறுப்பு வெள்ளை மொசைக் தரையில் 'தூச்சே' (தலைவர், அதாவது முசோலினி) என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. மக்கள் அதன் மேலேயே ஜெலாத்தோ ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டு நடக்கிறார்கள். அழிக்கவும் இல்லை, கொண்டாடவும் இல்லை. இது பெருந்தன்மையா, மறதியா, சோம்பலா என்று எனக்குப் பிடிபடவில்லை. தம்பி மட்டும், "நம்மூர்லன்னா இந்நேரம் மூணு தடவை பேரை மாத்திருப்பாங்கண்ணே" என்றான்.

பழசு வேண்டுமென்றால் அரங்கிலிருந்து ஆற்றோரமாக வடக்கே பத்துப் பதினைந்து நிமிடம் நடக்க வேண்டும். மில்வியோ பாலம். கி.பி. 312-இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் தன் போட்டியாளர் மாக்சென்டியஸைத் தோற்கடித்த போர் இங்கேதான். காதலர்கள் மாட்டிய பூட்டுகளின் பாரம் தாங்காமல் 2012-இல் நகராட்சி வெட்டி எடுத்ததும் இதே பாலத்தில்தான். மாலை ஆட்டத்துக்கு முன் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டுப் போவது எங்கள் வழக்கமாகிவிட்டது.

ஆனால் இந்த விளையாட்டுக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவு சிலையிலும் பாலத்திலும் இல்லை. பழைய நகரத்தின் காம்போ மார்ஸியோ பகுதியில் 'வியா தி பாலாகோர்தா' என்று ஒரு குறுகலான தெரு இருக்கிறது. பாலாகோர்தா என்பது சுவர்களுக்கு நடுவே கயிறு கட்டி ஆடிய பழைய பந்தாட்டம், டென்னிஸுக்குப் பாட்டன். அதில் சுவரும் ஆட்டத்தில் சேர்த்தி. 1606 மே 28 அன்று ஓவியர் கரவாஜியோ, ரனூச்சோ தொமஸ்ஸோனி என்பவரைக் குத்திக் கொன்றது இந்தப் பந்தாட்டக் களத்தை ஒட்டித்தான். பந்தயப் பணம் என்பார்கள், பழைய பகை என்பார்கள், பெண் விவகாரம் என்பார்கள். கொன்றுவிட்டு ஊரைவிட்டே ஓடினவர் மறுபடி ரோமுக்குள் வரவில்லை. பியெத்ராஞ்செலி அரங்குக்கும் ஆதியில் 'பாலாகோர்தா அரங்கம்' என்றுதான் பெயர். பிரெஞ்சு ஓபனை 1959-இலும் 1960-இலும் வென்ற நிகோலா பியெத்ராஞ்செலியின் பெயரை, அவர் உயிரோடிருந்தபோதே 2006-இல் சூட்டினார்கள். 2025 டிசம்பரில் அவர் இறந்தபோது அஞ்சலிக்கு உடலை வைத்ததும் இதே களத்தில். ஆக, சுவரில் பட்டுத் திரும்பும் பந்தை ரோம் நானூறு வருஷத்துக்கு முன்பே பார்த்துவிட்டது. நடுவில் சுவரைத் தொலைத்திருந்தது, இப்போது கண்ணாடியாகத் திரும்பி வந்திருக்கிறது.

கணக்கு

இனி ஆய்வின் வேலைக்கு வருவோம்.

டென்னிஸ் கோர்ட்டின் கோடுகளுக்குள் 23.77 மீட்டர் நீளம், 10.97 மீட்டர் அகலம். பாடெலைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஆனால் டென்னிஸ்காரர்கள் கோட்டுக்கு வெளியே ஓட இடம் வேண்டும் என்பதால் அரங்கின் தரை குறைந்தது 36 மீட்டருக்கு 18 மீட்டர் அளவில் இருக்கும். கேலரி அதைச் சுற்றித்தான் எழும்பும். அந்தத் தரையின் நடுவில் 200 சதுர மீட்டர் பெட்டியை வைத்தால் மூன்றில் ஒரு பங்குகூட நிரம்பாது. மிச்ச இடத்தைத் தற்காலிகப் பெட்டி இருக்கைகள், விருந்தினர் சோபாக்கள், விளம்பரப் பலகைகள் கொண்டு நிரப்புகிறார்கள். சென்டர் கோர்ட்டில் 10,500 பேர் உட்காரலாம். அதில் நல்ல பார்வை கிடைப்பது கீழே உள்ள அந்தச் சிலருக்குத்தான். மேலே போகப்போக, கிண்ணத்தின் அடியில் கிடக்கும் தீப்பெட்டியைப் பார்ப்பது மாதிரி ஆகிவிடும்.

இதை நாங்கள் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டோம். சனிக்கிழமை அரையிறுதிக்குச் சென்டர் கோர்ட்டின் மேல் அடுக்கில் இடம் போட்டிருந்தோம். அதுவும் ஒரு மறுவிற்பனை இணையதளத்தில், கூடுதல் கட்டணம் எல்லாம் அழுது. 'முழுப் பார்வை' என்று போட்டிருந்தது. முழுப் பார்வைதான், நியாயமாகச் சொன்னால் ரோமின் பாதி தெரிந்தது. பந்துதான் தெரியவில்லை. பந்தின் நிழல் தெரிந்தது, கண்ணாடியில் பட்ட சத்தம் ஒரு கணம் தாமதமாக வந்தது. பத்து நிமிடம் கழித்துத் தம்பியைப் பார்க்கிறேன், அவன் பெரிய திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். துபாயிலிருந்து ஆறு மணி நேரம் பறந்து வந்து டிவி பார்க்கிறோம்.

புதன்கிழமை கையில் இருந்தது வளாகத்துக்குள் நுழைய மட்டுமான டிக்கெட். சென்டர் கோர்ட்டுக்குள் விடமாட்டார்கள். ஆனால் பக்கத்து கோர்ட்டுகளில் முன்னால் போனவருக்கு முதல் பலகை. காலை பத்து மணிக்கு உள்ளே போனால் நாளெல்லாம் கோர்ட் கோர்ட்டாகத் திரியலாம். ஆடுகிறவர்கள் தரவரிசையில் முப்பது, ஐம்பது, எண்பது என்று இருப்பவர்கள். ஸ்கோர் பலகையில் பெயரைப் படிப்போம், ஆட்டம் முடிந்ததும் மறந்துபோவோம். ஆனால் அவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவது கேட்கும். இந்த ஆட்டத்தில் பேச்சு பாதி. கண்ணாடிப் பக்கம் திரும்பிப் பந்தை எடுப்பவனுக்கு முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது, முன்னால் இருப்பவன்தான் கண். 'உனக்கு', 'எனக்கு', 'விடு, வெளியே போகுது', 'வர்றான், வர்றான்' என்று ஸ்பானிய மொழியில் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். டிவியில் வர்ணனையாளர் குரல் இதை மூழ்கடித்துவிடும். மேல் அடுக்கில் கூட்டத்தின் இரைச்சல் விழுங்கிவிடும்.

கூட்டம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. இத்தாலியர்கள் உற்சாகப்படுத்தக் கத்துவது 'தாய், தாய்!' என்று. 'விடாதே, வா வா' என்கிற அர்த்தம். முதல் நாள் தம்பி திடுக்கிட்டுத் திரும்பி, "எதுக்குண்ணே எல்லாவனும் டேய் டேய்னு கூப்புடுதான்?" என்றான். மூன்றாம் நாள் அவனே எழுந்து நின்று 'டேய், டேய்!' என்று கத்தினான். முன்வரிசைக் கிழவர் ஒருவர் திரும்பி அவனுக்குக் கட்டைவிரல் காட்டினார்.

இடம் பார்த்து உட்காருவதில் என் முடிவு இது. பக்கவாட்டில், வலைக்கு நேராகக் கீழ் வரிசையில் உட்கார்ந்தால் ஓட்டமும் மூச்சும் கிடைக்கும், ஆனால் கம்பி வலை கண்ணை அறுக்கும், பந்து போன ஆழம் பிடிபடாது. பின் கண்ணாடிக்குப் பின்னால் தரையோடு உட்கார்ந்தால், பந்து கண்ணாடியில் மோதித் திரும்பும்போது ஆட்டக்காரன் காலை எப்படி மாற்றி வைக்கிறான் என்பது பாடம் மாதிரித் தெரியும். கற்றுக்கொள்ளப் போகிறவர்களுக்கு அதுதான் இடம். ஆனால் மாலை வெயிலில் கண்ணாடியில் உங்கள் முகமேதான் தெரியும். எனக்குப் பிடித்தது மூலை. பின் கண்ணாடியும் பக்கச் சுவரும் சேரும் மூலைக்கு நேர் பின்னால், நான்கு மீட்டர் வேலிக்குச் சற்றே மேலே கண் இருக்கிற மாதிரி, ஐந்தாறு வரிசை உயரத்தில். அங்கிருந்து நான்கு பேரும் ஒரு கயிற்றில் கட்டிய மாதிரி சேர்ந்து நகர்வது தெரியும். லாப், அதாவது தலைக்கு மேல் தூக்கி விட்ட பந்து, ஒன்று மேலே போனால் வலையில் நின்ற இருவரும் ஒன்றாகப் பின்வாங்குவார்கள், பின்னால் நின்ற இருவரும் ஒன்றாக முன்னேறுவார்கள். பாடெல் முழுக்கவும் வலையோரத்து அந்த ஐந்தடி நிலத்துக்கான சண்டைதான். அடிகள் எல்லாம் அதற்குச் சாக்கு.

பியெத்ராஞ்செலியில் அந்த மூலை இலவசம் மாதிரிக் கிடைக்கிறது. அது தரைமட்டத்துக்குக் கீழே தோண்டிய அரங்கம். சுற்றிலும் மேலே சிலைகள், சிலைகளுக்கு நடுவே நடைபாதை. உள்ளே இடம் கிடைக்காதவர்கள் விளிம்பில் நின்று, ஒரு பளிங்குக் காலில் தோளைச் சாய்த்துக்கொண்டு பார்க்கலாம். ஊர்த் திருவிழாவில் மதில்மேல் உட்கார்ந்து கூத்து பார்த்தவர்களுக்கு இந்தச் சுகம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வெயிலும் இரவும்

ஒரே கோர்ட், ஒரே பந்து, ஆனால் மதியம் ஓர் ஆட்டம், இரவு வேறோர் ஆட்டம். துபாயில் குளிரூட்டிய கிடங்குக்குள் ஆடியவர்களுக்கு இது தெரியவே தெரியாது. பாடெல் பந்துக்கு டென்னிஸ் பந்தைவிட உள்ளழுத்தம் கொஞ்சம் குறைவு. வெயிலில் உள்ளே இருக்கும் காற்று சூடாகி அழுத்தம் ஏறும், பந்து துள்ளும். அப்போது ஓங்கி அடிக்கத் தெரிந்தவன் ராஜா. ஸ்மாஷ் அடித்தால் பந்து தரையில் குதித்துப் பக்கவாட்டு வலையைத் தாண்டி வெளியே போய்விடும். ஸ்பானியர்கள் இதை 'போர் த்ரெஸ்' என்பார்கள், மூன்று மீட்டரைத் தாண்டியது என்று பொருள். அர்துரோ கோயேயோ மாதிரி நெட்டையான இடது கைக்காரர்களுக்கு மதிய வெயில் சொந்த அண்ணன் மாதிரி. அவருடைய ஜோடி அகஸ்தீன் தாபியா வேறு ரகம். அர்ஜென்டினாவில் அவருடைய சொந்த ஊரை வைத்து 'கதமார்காவின் மொசார்ட்' என்பார்கள், எங்கிருந்தும் எதையும் அடிப்பார். இந்த இருவரும் 2023-இல் தொடர்ந்து 47 ஆட்டம் தோற்காமல் ஆடினார்கள்.

மோன்தே மாரியோ மேற்கே இருப்பதால் அரங்கில் சூரியன் சீக்கிரமே மறைந்துவிடும். நிழல் கோர்ட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகரும் அந்த அரைமணி நேரம் ஆட்டக்காரர்களுக்குச் சங்கடமான நேரம், ஒரு பக்கம் இருட்டு, ஒரு பக்கம் பளீர். அப்புறம் விளக்கு, ஆற்றுக் காற்று, ஈரம். ஒன்பது மணிக்கு மேல் அதே ஸ்மாஷ் அடித்தால் பந்து பாதி உயரம் எழும்பி, பின் கண்ணாடியில் பட்டு, வலைப் பக்கமாகச் சோம்பலாகத் திரும்பி வரும். எதிராளிக்குத் தட்டில் வைத்துக் கொடுத்த பலகாரம். ஆகவே இரவில் யாரும் ஓங்குவதில்லை. 'பாந்தேகா' என்று ஓர் அடி, தட்டு ஏந்துகிற மாதிரி மட்டையைப் பிடித்து, வேகமில்லாமல் ஆழமாக வெட்டி விடுவது. புள்ளி எடுக்க அல்ல, வலையோர நிலத்தை விட்டுக்கொடுக்காமல் இருக்க. ஒரு புள்ளிக்கு முப்பது நாற்பது அடிகூடப் போகும். ஃபெதெரிகோ சிங்கோத்தோ மாதிரிச் சின்ன உருவக்காரர்கள் உயிர்வாழ்வது இந்த நேரத்தில்தான். அவரை 'எலி' என்று செல்லமாகக் கூப்பிடுகிறார்கள். எந்த மூலையில் போட்டாலும் எடுத்துவிடுவார்.

ஆகவே ஒரே நாள்தான் போக முடியும் என்கிறவர்கள் மாலை ஐந்து மணிக்கு உள்ளே நுழைந்து கடைசிவரை இருப்பது புத்தி. இரண்டு ஆட்டத்தையும் ஒரே டிக்கெட்டில் பார்க்கலாம்.

கடைசிவரை இருப்பதில்தான் வினையே. வியாழன் இரவு பெண்கள் ஆட்டம் ஒன்று மூன்றாம் செட்டுக்குப் போனது. 2025-இல் இருந்த விதிப்படி 40-40 ஆனால் ஒரே புள்ளியில் கேம் முடிந்துவிடும், தங்கப் புள்ளி என்பார்கள். அதனால் நேரம் மிச்சமாகும் என்று நினைத்தோம். தங்கப் புள்ளியே இரண்டு நிமிடம் ஓடினால் என்ன செய்வது? முடியும்போது மணி 11.20. ரோமில் வார நாளில் மெட்ரோ 11.30-க்கு நின்றுவிடும், வெள்ளி சனி மட்டும் ஒன்றரை மணி வரை. அதுவும் அரங்குக்குப் பக்கத்தில் மெட்ரோ கிடையாது. ஒத்தாவியானோ நிலையத்துக்கு அரைமணிக்கு மேல் நடக்க வேண்டும். நடந்து போய்ச் சேர்ந்தால் இரும்புக் கதவு இறங்கியிருந்தது. தம்பி அதை ஒரு முறை ஆட்டிப் பார்த்தான், நம்மூர்ப் பழக்கம். டாக்ஸி நிற்குமிடத்தில் எங்களுக்கு முன் நாற்பது பேர். அத்தனை பேரும் போலந்திலிருந்து வந்த யாத்ரீகர்கள், பாட்டுப் பாடிக்கொண்டே நிற்கிறார்கள். நள்ளிரவுப் பேருந்து வந்து அறைக்குப் போகும்போது மணி இரண்டு.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே விலை அதிகம், வரிசை அதிகம். வெளியே வெட்டிக் கொடுக்கும் பீட்சாவை எடையில் வாங்கிச் சாப்பிட்டு விடலாம். தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். ஊர் முழுக்க 'நசோனே' என்கிற இரும்புக் குழாய்கள், மூக்கு மாதிரி வளைந்து, இராப்பகலாக ஓடிக்கொண்டே இருக்கும். குளிர்ந்த குடிநீர். குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள ஓட்டை வழியாகப் பீச்சும். தம்பி இதைக் கண்டுபிடித்த அன்று என் சட்டை நனைந்தது.

சனிக்கிழமை

அந்த மேல் அடுக்குக்குத் திரும்புவோம். முதல் செட் முடிந்தது. நல்ல ஆட்டம் என்றுதான் சொன்னார்கள், கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. தம்பி என் காதில், "அண்ணே, கோவிச்சுக்காதிய. கீழ போவமா?" என்றான்.

"இவ்வளவு காசு குடுத்துருக்கோமே, ஏலே."

"குடுத்த காசு போயிட்டு. இருந்தா மட்டும் திரும்பி வரவா போகுது?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. இறங்கி வெளியே வந்தோம். வளாகத்தில் ஆள் நடமாட்டமே இல்லை, எல்லோரும் உள்ளே. பின்பக்கம் ஒரு கோர்ட்டில் மட்டும் டொப், டொப் என்று சத்தம். இரண்டு நாளைக்கு முன் தோற்றுப்போன ஒரு ஜோடி, இன்னும் ஊருக்குப் போகாமல் பயிற்சியில் இருந்தார்கள். வேலியோரம் எங்களைத் தவிர யாருமில்லை. பயிற்சியாளர் ஒரு வண்டி நிறையப் பந்தை வைத்துக்கொண்டு ஒன்றொன்றாக மேலே தூக்கிப் போடுகிறார், ஒருத்தி ஸ்மாஷ் அடிக்கிற மாதிரி கையை ஓங்குகிறாள், இன்னொருத்தி வாசலைப் பார்த்து ஓடுகிறாள். பந்தை எடுக்க அல்ல. ஓடி, வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட வேண்டும். சில தடவை அவள் ஓங்கிவிட்டு மெதுவாகத் தட்டிவிடுவாள். அப்போது ஓடத் தொடங்கியவள் ஏமாந்து பாதியில் நிற்பாள், பயிற்சியாளர் தலையை ஆட்டி மறுபடி என்பார்.

எதைப் பார்த்து அவள் முடிவு செய்கிறாள் என்று நாங்கள் இருவரும் வேலியைப் பிடித்துக்கொண்டு ஊகித்துக்கொண்டிருந்தோம். தம்பி தோள் என்றான். நான் மணிக்கட்டு என்றேன். அரங்கிலிருந்து பெரிய ஆரவாரம் ஒன்று எழுந்தது, யாரோ செட்டை எடுத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து அவன் என் கையைத் தட்டி, "மணிக்கட்டும் இல்ல, தோளும் இல்லண்ணே. அவ இடது காலைப் பாருங்க" என்றான். பார்த்தேன். ஓங்கி அடிக்கிற ஒவ்வொரு முறையும் இடது குதிகால் தரையைவிட்டுக் கிளம்பியது. தட்டிவிடுகிற முறை அது கிளம்பவில்லை.